பிரெட் துரையின் கோட்டை

ஓசூருக்கு நாங்கள் குடிவந்தது 1986இல். சிப்காட் வளாகத்தில் வேலை கிடைத்திருந்தது. வெளியூர் உறவினர் எவர் வந்தாலும் அவரை நாங்கள் அழைத்துச் சென்று காட்டியது ஓர் இடிபாட்டைத்தான். முட்செடி மண்டிய சில சுவர்கள், அவ்வளவே. கெனில்வொர்த் கோட்டை என்பது அதன் பெயர்.

சேலம் மாவட்டத்தின் தலைமையிடமாக ஓசூர் விளங்கிய காலமொன்று உண்டு. ஏறத்தாழ 3000 அடி உயரமும் இதமான குளிரும் வெள்ளைக்காரத் துரைமாரைக் கவர்ந்தன. அவர்களுள் ஒருவரே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆட்சியராயிருந்த பிரெட். தாய்நாட்டில் உள்ளதுபோல் ஒரு கோட்டை இருந்தாலன்றித் தாம் வர இயலாது என்று மணப்பெண் சொன்னதாகவும், அவளுக்காகவே அவர் இதனை எழுப்பியதாகவும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் முடிவை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்வர். கல் சுமந்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

பெயர் தந்த மூலக் கோட்டை இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் இருக்கிறது. அதன் உரிமையாளரான ராபர்ட் டட்லி 1575இல் முதலாம் எலிசபெத் அரசியை அங்கே 19 நாட்கள் விருந்தோம்பினார். அரசியின் கரம்பற்ற அவர் செய்த இறுதி முயற்சி அது என்பர். அரசியோ எவரையும் மணக்கவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1649இல் பாராளுமன்றப் படையினர் அக்கோட்டையைச் சிதைத்தனர். ஆக, பிரெட் துரை பெயரைக் கடன் வாங்கியபோதே அது இருநூறு ஆண்டுக்கால இடிபாடு! அவர் அதை எண்ணிப் பார்த்தாரோ என்னவோ. வால்டர் ஸ்காட் 1821இல் எழுதிய புதினத்தால் அப்பெயருக்கு அன்று தனி மவுசு இருந்தது.

முன்பெல்லாம் அத்துரையை எண்ணி நாங்கள் நகைப்பதுண்டு. வருவாளோ மாட்டாளோ என்று தெரியாத ஒருத்திக்காக இத்தனை கல்லா என்போம்.

பணி ஓய்வுத் தொகையில் எங்கள் வீட்டின் மேல் மாடி எழுப்பினோம். மகன் குடும்பத்தோடு வந்தால் தங்கட்டும் என்று இரண்டு அறைகள். பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்க்கத் தாழ்ந்த சன்னல்கள். "இவ்வளவு பெரிதாக எதற்கு?" என்று கொத்தனார் கேட்டபோது கோபங்கூட வந்தது. மகன் வெளிநாடு சென்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருமுறை வந்தான், இருமுறையும் பெங்களூரில் விடுதியில் தங்கினான். விமான நிலையத்திற்கு அதுதான் வசதியாம்.

இந்தக் கிறிஸ்துமசுக்கும் வர இயலாது என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னான். பேசி முடித்ததும் இருவருமாய் மாடி ஏறினோம். பூட்டைத் திறந்து, தூசி தட்டி, சன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வைத்தோம்.