மாகாணத்துக்கு ஒரு வானொலி

நாமக்கல், சேலம் பக்கத்து உறவுகளுக்கு அல்ஜியர்ஸ் நகரத்திலிருந்து எழுதுகிறேன்.

இங்கே பெரும்பாலும் மாகாணத்துக்கு ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. அல்ஜீரியாவின் மாகாணம் என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் மாதிரிதான். 1990களின் தொடக்கத்தில் பாலைவன ஓரத்து பெஷாரில் ஆரம்பித்த ஏற்பாடு இது. நாட்டில் 48 மாகாணங்கள் இருந்த காலத்திலேயே 48க்கும் தனித்தனி நிலையம் வந்துவிட்டது. மலையும் கடலும் சேரும் பெஜாயாவின் நிலையத்துக்கு, அங்கே ஓடும் சும்மாம் ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சகாராவுக்குள் வெகு தொலைவில் இருக்கும் தமன்ராசெத் நிலையம், அரபியோடு துவாரெக் மக்களின் பேச்சிலும் ஒலிபரப்புகிறது.

நெடுந்தூரம் காரில் போகும்போது ஒரு மாகாணத்தின் அலை மங்கி அடுத்ததன் அலை தெளிவாகும். பேச்சின் சாயல் மாறும், பாட்டு மாறும். மலைச்சாலையில் பனி விழுந்திருக்கிறது, சுற்றிப் போங்கள் என்பார் ஒருவர். மருத்துவர் ஒருவர் கிராமத்துப் பெண்களின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஊர் நினைப்புத்தான் வரும். இந்தியா முழுக்க லாரி ஓட்டுகிற, பல மாநிலங்களுக்கு முட்டை அனுப்புகிற, ஆழ்துளைக் கிணறு தோண்ட ரிக் வண்டிகளை எங்கெங்கோ கொண்டு போகிற நம் சமவெளிக்கு, தன் செய்தியைத் தானே சொல்லிக்கொள்ளும் வானொலி ஏன் இல்லை?

அல்ஜீரியர்களுக்கு வானொலி மேல் இருக்கும் பற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கியது. அப்போது இங்கே இருந்த வானொலி பிரெஞ்சுக்காரர்களின் வானொலி. வசதியுள்ள அல்ஜீரியக் குடும்பங்கள்கூட ரேடியோ பெட்டி வாங்காமல் இருந்தன. ஆள்பவனின் குரலைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவர யாருக்கும் மனம் இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும்படியான நிகழ்ச்சிகளாகவும் அவை இல்லை. 1956 டிசம்பர் 16 அன்று விடுதலைப் படையின் ரகசிய வானொலி மொராக்கோ மண்ணிலிருந்து பேசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. 20 நாட்களுக்குள் கடைகளில் இருந்த ரேடியோக்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன என்று எழுதுகிறார் ஃபிரான்ஸ் ஃபனோன். பிளிதா மனநல மருத்துவமனையில் மருத்துவராக இருந்து, பிறகு விடுதலை இயக்கத்தோடு சேர்ந்தவர் அவர். 1959இல் வெளிவந்த தம் புத்தகத்தில் வானொலிக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார்.

அந்த அத்தியாயத்தில் ஒரு காட்சி எனக்கு மறக்கவே மறக்காது. பிரெஞ்சு ராணுவம் ரகசிய வானொலியின் அலையை இரைச்சலால் மறிக்கிறது. நிலையம் வேறு அலைக்குத் தாவுகிறது. ஓர் அறை நிறைய ஆட்கள். ஒருவர் மட்டும் பெட்டியோடு காதை ஒட்டிவைத்து, முள்ளைத் திருகித் திருகித் தேடுகிறார். அரைகுறையாய்க் கேட்டதை அவர் மற்றவர்களுக்குச் சொல்கிறார். கேட்காமல் போன சண்டைச் செய்தியை அங்கே கூடியிருப்பவர்களே பேசிப் பேசி நிரப்பிக்கொள்கிறார்கள். மின்சாரம் இல்லாத ஊர்களில் பேட்டரி ரேடியோதான். அதனால் அரசு, அனுமதிச் சீட்டு இல்லாமல் ரேடியோ விற்கக் கூடாது என்றது. பேட்டரியையும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. 1962 ஜூலையில் விடுதலை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று அல்ஜியர்ஸ் ஒலிபரப்புக் கட்டடத்தில் அல்ஜீரியக் கொடி ஏறியது. பிரெஞ்சுத் தொழில்நுட்பர்கள் வெளியேறிவிட, உள்ளூர் ஊழியர்கள் ஒலிபரப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாளை இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு வானொலி வந்த வழி வேறு. ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் முதலில் பேசியது பஞ்சாயத்து ரேடியோ. சாயங்காலம் ஆனால் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து செய்தியும் பாட்டும் வரும். அப்பாரு காலத்து ஆட்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து கேட்பார்கள். பேசியது திருச்சி. 1939 மே மாதம் தொடங்கிய நிலையம் அது. பிறகு 1966இல் கோவை வந்தது. சினிமாப் பாட்டுக்கு இலங்கை வானொலி. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். திருச்சியின் குரலுக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்குக் காவிரி டெல்டாவே சாட்சி. 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லை அந்த நிலையம் பரப்பிய பரப்பில், உழவர்கள் அதை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். நம் பக்கத்து உழவரும் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டார். ஆனால் அது காவிரிக் கடைமடைக்காரருக்கான பேச்சு. மரவள்ளிக்கும் சேகோ ஆலைக்கும் கோழிப் பண்ணைக்கும் வேண்டியதைச் சொல்ல ஆள் இல்லை. அடுத்த வீட்டுக் கதையைக் கேட்டே வளர்ந்த சமவெளி நம்முடையது.

இந்தக் குறையை நாம் போனால் ஈடுகட்டிக்கொண்டோம். நாமக்கல், சங்ககிரி லாரி ஆபீஸ்களில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு நாக்பூருக்கோ கொல்கத்தாவுக்கோ மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த கட்டணம். வீட்டுக்கு இணைப்பு கேட்டுப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதுவரை பக்கத்து வீட்டு எண்ணைப் பி.பி. நம்பர் என்று கடிதத்தில் எழுதிக்கொடுப்பார்கள். 1984இல் சி-டாட் என்ற அரசு ஆய்வு நிறுவனம் தொடங்கி, உள்நாட்டிலேயே உருவான தொலைபேசி நிலையங்கள் பரவிய பிறகு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகி, கால்வாசியாகும். குஜராத்திலோ அசாமிலோ லாரியை ஓரங்கட்டிவிட்டு, கால்வாசிக் கட்டணத்துக்காகத் தூங்காமல் இருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்ட டிரைவர்கள் எத்தனை பேர்! அல்ஜீரியாவிலும் தெருவுக்குத் தெரு டாக்சிஃபோன் கடைகள் இருந்தன. மார்செய்க்கும் பாரிசுக்கும் வேலைக்குப் போனவர்களோடு அவர்களின் அம்மாக்கள் அங்கிருந்துதான் பேசினார்கள்.

இன்று நான் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசுகிறேன். சென்னையில் கரையேறும் சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் வந்து, அல்ஜீரியாவின் அன்னாபாவையும் தொட்டு மார்செய்க்குப் போகிறது. மொத்த நீளம் சுமார் 18,800 கிலோமீட்டர். 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியா அருகே இதுவும் இன்னொரு கேபிளும் அறுந்தபோது இந்தியாவின் இணையமே தடுமாறியது. இரண்டு நாடுகளும் இப்படிக் கடலுக்கடியில் ஒரே கம்பியில் கட்டப்பட்டிருப்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் போனும் இணையமும் வானொலியின் வேலையைச் செய்துவிடவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளை பிடிக்கிறவர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். தெரிந்த குரல், ஊர்ப்பேச்சில், அது பொய் என்று அன்று காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கலாம். அதே மே மாதம் தூத்துக்குடிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். இங்கேயும் 2018 முதல் சில ஆண்டுகள் பள்ளி இறுதித் தேர்வு நாட்களில் வினாத்தாள் கசியாமல் இருக்க இணையத்தைச் சில மணிநேரம் நிறுத்தினார்கள். அந்த நேரத்திலும் ரேடியோ பேசிக்கொண்டுதான் இருந்தது.

காவிரிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் திறந்தார்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரிப்பதே நமக்கு இன்னும் பெரிய ஏற்பாடு. தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே அது எத்தனை பேர் காதில் விழும்?

முட்டை விலையும் அப்படியே. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை நொடியில் எல்லார் போனுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் பண்ணையில் வியாபாரி கொடுப்பது பல நேரம் அதற்குக் கீழே, மைனஸ் என்று ஒரு தொகையைக் கழித்து. மைனஸ் இன்றைக்கு எவ்வளவு, ஏன் கூடியது, யார் முடிவு செய்தார்கள் என்று பண்ணையாளரையும் வியாபாரியையும் எதிரெதிரே உட்காரவைத்து ஊரறியக் கேட்க ஒரு மேடை வேண்டாமா?

தொலைக்காட்சி அந்த மேடையாகவில்லை. சேலத்தில் கேபிள் நிறுவனமாக ஆரம்பித்த பாலிமர் 2009இல் செயற்கைக்கோள் சேனலாகி மாநிலம் முழுக்கப் போயிற்று. அது நமக்குப் பெருமைதான். ஆனால் மாநிலத்துக்குப் பேசுகிறவர் ஓமலூர்ச் சந்தைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?

தனியார் பண்பலைகள் தாமாகச் செய்தி சொல்ல நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. மணிக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல விடலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 பண்பலைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. நிலையங்கள் பெருகுவதை நான் வரவேற்கிறேன். பாட்டு மட்டுமே போட வேண்டும் என்றால் 730 இருந்து என்ன பயன்?

அல்ஜீரியாவைப் பார்த்து அப்படியே நகலெடுக்கவும் நான் சொல்லவில்லை. இங்கே மாகாண வானொலிகள் எல்லாம் அரசுடையவை. 2019 பிப்ரவரி 22 அன்று லட்சக்கணக்கானோர் அதிபருக்கு எதிராகத் தெருவுக்கு வந்தபோது அரசு வானொலி வாய்மூடி இருந்தது. அதைக் கண்டித்து அந்த வானொலியின் பத்திரிகையாளர்களே போராடினார்கள். இணைய வானொலி நடத்திய இஹ்ஸான் எல் காதி 2022 டிசம்பரில் கைதானார். அவருடைய அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள். இரண்டு ஆண்டு போலச் சிறையில் இருந்து 2024 நவம்பரில்தான் மன்னிப்பில் வெளியே வந்தார். ரேடியோவுக்காக உயிரைப் பணயம் வைத்த ஒரு நாட்டில் இது நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு நிலையம் என்ற ஏற்பாட்டை மட்டும் நாம் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்சியாளரின் கைக்கு எட்டாத நிர்வாகத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

சமுதாய வானொலிக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியது. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. 2006 முதல் தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். 100 வாட் நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கேட்கும். குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் அது போதும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்களுக்கு வானிலை ஆலோசனை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் எவ்வளவு ஏறும், கோழிக்குத் தண்ணீரில் என்ன கலக்க வேண்டும் என்பதை அந்த ஆசிரியர்களே மைக்கில் சொல்லலாம். சேலத்துச் சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் அன்றைய ஏல விலையை வாசிக்கலாம். வெளிமாநிலத்தில் லாரியோடு இருப்பவரின் பேச்சைப் போனில் பதிவு செய்து, வீட்டார் கேட்கும் நேரத்தில் போடலாம். லாரி உரிமையாளர் சங்கத்து நண்பர்களும் பண்ணையாளர் சங்கத்துக்காரர்களும் கல்லூரி நிர்வாகிகளும் ஒருநாள் கூடிப் பேசி விண்ணப்பத்தைப் போடுங்கள். செய்தி சொல்லும் உரிமை கேட்டு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் அதோடு ஒரு மனு எழுதுங்கள். அதில் கையெழுத்துப் போட வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் தயாராக இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன்.