கதிரையும் மேசையும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், அமிர்தகழி மாணவர் சிலர் டச்பார்ப் பறங்கியர் குடும்பங்களுக்குத் தொண்டு செய்யச் சென்றோம், நானும் ஒருவன். முகாமில் ஒரு மூதாட்டி எங்களோடு தமிழிற் பேசுவார்; தனித்திருக்கையில் போர்த்துக்கேயத்தின் வழிவந்த தம் வீட்டுமொழியை முணுமுணுப்பார். அம்மொழியில் அவரோடு உரையாடிவந்த தங்கையைக் கடல் கொண்டுபோயிற்று.

"எனக்கும் சொல்லித் தாங்க, அன்ரி" என்றேன்.

கதிரையையும் மேசையையும் காட்டி அவர் சொன்ன பெயர்கள் புதியனவாக ஒலிக்கவில்லை. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரின் சொற்களையன்றோ நாமும் நாள்தோறும் வழங்குகிறோம்! அவர் வாக்கியங்களில் வினைச்சொல், தமிழிற்போல, இறுதியில் வந்து நின்றது. (இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இன்றும் அது வியப்பே.)

என் உச்சரிப்புப் பிழைத்தபோதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார். தமிழன்றி வேறறியாத அவர் பேரன் எட்டநின்று பார்த்தான். மறுநாள் என்னருகே வந்து அமர்ந்தான்.