ராணி இல்லாத பலகை

சென்ற ஞாயிறு மாலை, சத்யஜித் ரே 1977-இல் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி' என்னும் இந்திப் படத்தை நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே பார்த்தோம். பிரேம்சந்த் 1924-இல் எழுதிய சிறுகதையே அதற்கு மூலம். கதை நிகழ்வது 1856-இல், லக்னோவில். கும்பினியார் அவத் நாட்டையே விழுங்கக் காத்திருக்க, மிர்சா, மீர் என்னும் இரு பிரபுக்கள் சதுரங்கப் பலகையை விட்டு எழுவதில்லை. மிர்சாவின் மனைவி குர்ஷித் தலைவலியென்று சொல்லியனுப்புகிறாள்; அவர் வருகிறார், நினைவோ ஆட்டத்தில். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் காய்களை ஒளித்துவிடுகிறாள். நண்பர்களோ தக்காளியையும் எலுமிச்சையையும் காய்களாக்கி ஆட முனைகின்றனர்! இக்காட்சியில் எல்லாரும் சிரிப்பர். நாங்கள் சிரிக்கவில்லை.

எங்களுள் ஒருவர் சதுரங்கம் ஆடியவர். மற்றவர் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தவர். சிங்காநல்லூர்ப் பக்கம் மில் வேலை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால், வீட்டுக்கு வந்து பலகையை எடுத்துக்கொண்டு படிப்பகத் திண்ணைக்குப் போவது வழக்கம். மகளுக்குக் காய்ச்சல் முற்றிய ஓர் இரவில், அவளைத் தோளிற் சுமந்து, பக்கத்து வீட்டு அக்காளின் துணையோடு மருத்துவமனைக்கு நடந்தவர் ஒருவர். அதே நேரத்தில் குதிரையை எங்கே நகர்த்துவதென்று எண்ணிக்கொண்டிருந்தவர் மற்றவர். மகள் பிழைத்தாள். முப்பது ஆண்டுகளாக அவ்விரவைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஆங்கிலேயர் ஆட்டத்தில் மந்திரி நிற்குமிடத்தில் ராணி நிற்பாள் என்று படத்தில் ஒருவர் விளக்குகிறார். ஆக, நம் பழைய பலகையில் பெண்ணுக்கு ஒரு கட்டமும் இருந்ததில்லை. (இன்று நாம் மந்திரி என்று சொல்லும் காய் அவர்களுக்கு 'பிஷப்', ஆயர் பெருமக்கள் பொறுத்தருள்க.)

நபக்கவின் நாவலைத் தழுவி மார்லின் கோரிஸ் என்னும் டச்சுப் பெண்மணி 2000-இல் இயக்கிய 'தி லூஷின் டிஃபென்ஸ்' படமும் அப்போது நினைவுக்கு வந்தது. சதுரங்க மேதை லூஷின் நத்தாலியாவைக் காதலிக்கிறான், மணநாளிலேயே மாள்கிறான். பாதியில் நின்ற அவனது ஆட்டத்தை, அவன் எழுதிவைத்த குறிப்பைக் கொண்டு அவளே ஆடி முடிக்கிறாள். இம்முடிவு நாவலில் இல்லை. மூலத்தை மாற்றலாமா என்று சிலர் கேட்பர். காத்திருந்தவளுக்கும் பலகையருகே ஓர் இருக்கை கிடைத்ததே என்று எங்களுக்குத் தோன்றிற்று.

படம் முடிந்தபின் பரணிலிருந்து எங்கள் பழைய பலகையை இறக்கித் தூசு துடைத்தோம். காய்களை எண்ணினால் கறுப்புக் குதிரை ஒன்று குறைந்தது. ஆடியவர் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். காத்திருந்தவர் எழுந்து போய், தையற்பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து வந்து, அதன் கட்டத்தில் வைத்தார்.