பப்ஜி, பாம்பன் பாலம், அப்புறம் என் அக்கா மகன்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆணி அதிகம். இன்னைக்கு எழுதப் போறது கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தி. "இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா இது"ன்னு கேக்குறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, அதுல கருவாட்டுக் குழம்பு இருக்கும் :-)

2000-களோட ஆரம்பத்துல ராமநாதபுரத்துல பிரவுசிங் சென்டர்னா மெயில் பாக்குறதுக்கு மட்டும் இல்லை. சாயங்காலம் ஆச்சுன்னா ஷட்டரை அரைவாசி இறக்கிட்டு, உள்ளே ஆறு கம்ப்யூட்டரை ஒண்ணோட ஒண்ணு இணைச்சு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஓடும். நாங்க ஆடினது பெரும்பாலும் டஸ்ட் மேப்தான். பாலைவனம், மஞ்சள் சுவர், ரெண்டு வாசல். எங்க ஊரு வெயிலுக்கு அது அந்நியமாவே தெரியலை.

அந்த ஆட்டத்தை ஏதோ பெரிய கம்பெனி செஞ்சதுன்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தோம். விஷயம் அது இல்லை. 1998-ல வால்வ் கம்பெனி ஹாஃப் லைஃப்னு ஒரு ஆட்டம் விட்டுச்சு. அதை ஆடிப் பித்துப் பிடிச்ச மின் லீங்கிற கனடா கல்லூரி மாணவரும், ஜெஸ் கிளிஃப்ங்கிறவரும் சேர்ந்து, அதே ஆட்டத்தைப் பிரிச்சு மேய்ஞ்சு 1999-ல உருவாக்கினதுதான் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். இலவசமா கொடுத்தாங்க. ஆடுறவங்க "இந்தத் துப்பாக்கி ரொம்ப பலம், குறை"ன்னு சொன்னா அடுத்த பதிப்புல குறைஞ்சிருக்கும். கடைசியில வால்வே அவங்களை வேலைக்கு எடுத்து, 2000-த்துல ஆட்டத்தைக் கடைக்குக் கொண்டு வந்துச்சு. அந்த டஸ்ட் மேப் இருக்கே, அதை வரைஞ்ச டேவ் ஜான்ஸ்டனுக்கு அப்ப வயசு 16, இங்கிலாந்துல பள்ளிக்கூடப் பையன். அவன் வரைஞ்ச சந்துலதான் நாங்க காசு கொடுத்து ஓடியிருக்கோம்.

சரி, பப்ஜிக்கு வருவோம்.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் எங்க கடல்ல மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில கிடக்கும், பசங்க படகு நிழல்ல கிடப்பாங்க. 2019 தடைக்காலத்துல தங்கச்சிமடம் பக்கம் எந்தப் படகு நிழலுக்குப் போனாலும் "எதிரி வர்றான்டா, மேல பாரு"ன்னு சத்தம். என் அக்கா மகனும் அதுல ஒருத்தன். எரங்கல்னு ஒரு தீவு மேப், 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். ஆளில்லாத வீடுகள், இடிஞ்ச சர்ச்சு.. பாத்தவுடனே எனக்குத் தனுஷ்கோடி ஞாபகம்தான் வந்துச்சு. தெற்குப் பக்கம் ராணுவ முகாம் இருக்குற தீவுக்குப் பாலம் ஏறிப் போனா, அங்கே எவனாவது படுத்துக்கிட்டு சுடுவான். எங்க பசங்க அதுக்கு வெச்ச பேரு, வேற என்ன, பாம்பன் பாலம்!

இந்த ஆட்டத்தோட பூர்வீகத்தைத் தோண்டினா வெங்காயம் உரிக்கிற கதை. செக் நாட்டுக் கம்பெனி ஒண்ணு 2009-ல ஆர்மா 2-ன்னு ராணுவ ஆட்டம் விட்டுச்சு. அதுமேல 2012-ல நியூசிலாந்துக்காரர் டீன் ஹால், பிணம் எழுந்து துரத்துற டேஸி கட்டினார். அந்த டேஸியை ஆடி ஆடி, அதுமேல பிரெண்டன் கிரீன்ங்கிற அயர்லாந்துக்காரர் "கடைசியா உயிரோட நிக்கிறவன் ஜெயிப்பான்"னு ஒரு ஆட்டம் கட்டினார். கிரீன் கம்பெனி ஆள் இல்லை, வெப் டிசைன் பண்ணிக்கிட்டிருந்தவர். 'பிளேயர் அன்நோன்'ங்கிறது அவரு ஆடும்போது வெச்சிருந்த பேரு. அவரைக் கொரியாவுல இருந்து புளூஹோல் கம்பெனி கூப்பிட்டுச்சு, 2017 மார்ச்சுல பப்ஜி வந்துச்சு. எரங்கல்ங்கிற பேருகூட அவரு மக எரினை வெச்சு வந்ததுதான். பாதி வெந்த நிலையிலேயே ஆட்டத்தை வெளியில விட்டாங்க. ஆரம்பத்துல இடுப்பளவு சுவரைக்கூட ஏறித் தாண்ட முடியாது! ஆடுறவங்க கத்திக் கத்தியே அந்த வசதி டிசம்பர்ல முழுப் பதிப்போட வந்துச்சு.

ரசிகன் பேச்சை எப்பவும் கேட்டுடுவாங்களான்னா, அதுக்கும் ஒரு கதை இருக்கு. ஐஸ்லாந்தும் நம்மள மாதிரி மீன்பிடிக்கிற ஊருதான். அங்கே ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி ஆட்டம். 2008-லேயே ஆடுறவங்க ஓட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிற சபை அதுல உண்டு. 2011 ஜூன்ல கம்பெனி ஆட்டத்துக்குள்ள கடை திறந்து, ஒத்தைக் கண்ணாடி ஒண்ணை 60 டாலருக்கு மேல விலை வெச்சு வித்துச்சு. அதுவும் நெஜக் கண்ணாடி இல்லை, திரையில இருக்குற பொம்மை மாட்டிக்கிறது! ஆடுறவங்க கப்பல் கப்பலா ஜீட்டாங்கிற சந்தைக்கு வந்து, அங்கே இருந்த நினைவுச் சின்னத்தைச் சுட ஆரம்பிச்சாங்க. அது உடையாதுன்னு தெரியும், ஆனாலும் சுட்டாங்க. நிறையப் பேர் சந்தாவையும் நிறுத்தினாங்க. கம்பெனி அந்தச் சபைக்காரங்களை விமானத்துல ரெய்க்யவிக்குக்கு வரவழைச்சுப் பேசுச்சு. அக்டோபர்ல தலைவரே மன்னிப்புக் கேட்டார். நம்ம பக்கம் படகெல்லாம் கட்டிப் போட்டுட்டு சங்கத்துக்காரங்க கலெக்டர் ஆபீசுல உக்காந்து பேசுவாங்களே, அச்சு அசலா அதேதான். என்ன, அவங்களுக்குப் பேச்சுவார்த்தை சீக்கிரம் முடிஞ்சிருச்சு.

நம்ம ஊருல பப்ஜிய மாத்தினது யாருன்னு கேட்டா, டெல்லியும் அம்மாக்களும்தான்னு சொல்வேன். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி 118 செயலியோட சேர்த்துத் தடை. 2021 ஜூலைல பி.ஜி.எம்.ஐ.-ன்னு வேற பேருல வந்துச்சு. ரத்தம் பச்சையாயிருச்சு, 18 வயசுக்குக் கீழேன்னா ஒரு நாளைக்கு 3 மணி நேரம், பெத்தவங்க நம்பருக்கு ஓடிபி. எங்க மாப்பிள்ளை கொடுத்தது என் நம்பரை :-) 2022 ஜூலைல மறுபடி காணாமப் போச்சு, 2023 மே கடைசியில திரும்ப வந்துச்சு. இவ்வளவு ஆட்டத்துலயும் ஆடுற பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்ட ஆள் இல்லை.

ரெண்டாவது தடை வந்தப்பத்தான் அவன் மைன்கிராஃப்ட் பக்கம் போனான். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புல பாம்பன் பாலம் கட்டுறான். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம் சுலபமா முடிஞ்சிருச்சு, நடுப்பகுதி நேரா மேல போற சமாச்சாரம்தானே. இவனுக்கு 1914-ல கட்டின பழசும் வேணுமாம். அதுல ரெண்டு இறக்கையும் சாய்ஞ்சு விரியுற மாதிரி இருந்துச்சு. மைன்கிராஃப்ட்ல கட்டைகளை நகர்த்தலாம், அப்படிச் சாய்க்க முடியாது. அதுக்குத் தனியா நிரல் எழுதி ஒட்டணும். எழுதணும்னா ஜாவா தெரியணும். பாலிடெக்னிக் முதல் வருஷப் பையன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜாவா படிக்கிறான்.

மச்சான் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, படகுக்கும் வரமாட்டேங்கிறான். இதுல சோறு கிடைக்குமா, நெசத்தைச் சொல்லு"ன்னார்.

நெசத்தைச் சொன்னேன். மின் லீக்கு வேலை கிடைச்சுது, கிரீனைக் கொரியாக்காரன் கூப்பிட்டான். வார்கிராஃப்ட் 3 மேல ரசிகர்கள் கட்டின டோட்டாவால வேற கம்பெனிகள்தான் கோடி கோடியா சம்பாதிச்சுச்சு. அதைப் பாத்துட்டு 2020-ல வார்கிராஃப்டைப் புதுப்பிச்சு விட்டப்ப, "இதுமேல நீ எது கட்டினாலும் அது எங்க சொத்து"ன்னு பிளிசார்ட் எழுதி வெச்சுக்கிச்சு. அதனால மச்சான், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், நம்ம வலை மாதிரி.

"வலையாவது என்னுது"ன்னார் அவரு.

அதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. வீட்டுக்கு வந்து மைன்கிராஃப்டோட ஒப்பந்தத்தை வரி விடாமப் படிச்சேன். அடியிலிருந்து நீயே எழுதின நிரல் உன்னுது, ஆனா அதைக் காசுக்கு விக்கக் கூடாதுன்னு இருக்கு. அதை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். "தெரியும் மாமா, ஏற்கெனவே படிச்சிட்டேன்"ங்கிறான். பாம்பன் பக்கத்து இறக்கை இப்ப நல்லா விரியுதாம். மண்டபம் பக்கத்து இறக்கைதான் பாதியில நின்னுக்குதாம். ஜாவா தெரிஞ்ச பதிவர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா, பையனோட கோர்த்து விடுறேன்.