ஓசி டிக்கெட்டுக்குக் கூலி

அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. நாயை நடத்திக் கூட்டிப்போக ஆள், அலமாரியில் துணியை அடுக்கிக் கொடுக்க ஆள், கல்யாணத்தில் யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்க ஆள். இந்த வரிசையில், ஓசி விமான டிக்கெட்டை வாங்கிக் கொடுக்கவும் ஆள் உண்டு. அதற்குக் கூலி வாங்குவார்கள். 'ஓசிதானே சார், நாமே வாங்கிக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். பதில் கொஞ்சம் நீளம்.

1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதிருந்த பிடியை விட்டது. எந்த ஊருக்கும் எந்த விலைக்கும் பறக்கலாம் என்றானதும் கம்பெனிகள் அடித்துக்கொண்டன. வந்த ஆளை மறுபடியும் நம்மிடமே வரவைப்பது எப்படி? 1979-ல் டெக்சஸ் இன்டர்நேஷனல் என்ற சின்னக் கம்பெனி, பறந்த தூரத்தைக் கணக்கு வைத்துப் பரிசு கொடுத்துப் பார்த்தது. 1981 மே 1-ம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. தன் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப வந்த போன் நம்பர்களைப் பொறுக்கி, 'இவர்தான் நம் வாடிக்கையாளர்' என்று கண்டுபிடித்தார்கள். சில நாட்களிலேயே யுனைடெட்டும் வந்துவிட்டது. காலியாகப் பறந்த சீட்டை மறுநாள் விற்க முடியாது. மீந்த இட்லியையாவது உப்புமா பண்ணலாம். எப்படியும் வீணாகப் போகிற சீட்டைப் பரிசாகக் கொடுத்தால் என்ன நஷ்டம்? அருமையான யோசனை.

1987-ல் இதில் கிரெடிட் கார்டு நுழைந்தது. அமெரிக்கன், சிட்டிபேங்கோடு சேர்ந்து, கார்டு தேய்த்தாலும் மைல் என்றது. அன்றிலிருந்து மைல் சேர்க்கப் பறக்க வேண்டியதில்லை, மளிகை வாங்கினால் போதும். 1999-ல் டேவிட் பிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா எஞ்சினியர், ஒரு சாப்பாட்டுக் கம்பெனியின் மைல் சலுகையைக் கவனமாகப் படித்தார். 25 சென்ட் புட்டிங் கிண்ணத்தின் மேல் இருந்த கோட்டுச் சீட்டுக்கும் விலை உயர்ந்த சாப்பாட்டின் சீட்டுக்கும் ஒரே மதிப்பு என்பதைக் கண்டுகொண்டு, கடை கடையாகப் போய் 12,150 கிண்ணங்கள் வாங்கினார். செலவு 3,000 டாலருக்குச் சற்று மேல். கிடைத்தது 12 லட்சத்துக்கு மேற்பட்ட மைல். அத்தனை புட்டிங்கை யார் சாப்பிடுவது? ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களையே சீட்டைக் கிழித்துத் தரச் சொன்னார். தானம் கொடுத்ததற்கு வருமான வரிச் சலுகையும் வாங்கினார். நம்மூர் ஆளோ என்று சந்தேகம் வருகிறதல்லவா?

இப்படி எல்லோரும் சேர்த்தால் கம்பெனி திவாலாகிவிடாதா? ஆகாது. மைல் என்பது அவர்களே அச்சடிக்கிற நோட்டு. அதை வங்கிகளுக்கு நிஜமான டாலருக்கு விற்கிறார்கள். அந்த நோட்டுக்கு என்ன கிடைக்கும், எந்தக் கடையில், எந்தக் கிழமை கிடைக்கும் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். ரிசர்வ் வங்கிக்குக்கூட இவ்வளவு சௌகரியம் கிடையாது. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. திட்டத்தின் மதிப்பு 2,190 கோடி டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். பங்குச்சந்தையில் அப்போது மொத்தக் கம்பெனிக்கும் அவ்வளவு விலை இல்லை!

சரி, கூலி விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். கன்சல்டன்ட். திங்கட்கிழமை விடியற்காலை விமானம் ஏறி ஏதாவது ஓர் ஊருக்குப் போவான், வியாழன் ராத்திரி வீடு திரும்புவான். ஆறு வருஷம் இப்படி. அவன் மகள் முதல் அடி எடுத்து வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அவன் டென்வரில் ஓட்டல் அறையில் இருந்தான். மனைவி போனில் படம் எடுத்து அனுப்பினாள். இந்த ஆறு வருஷத்துக்கு அவன் கணக்கில் சேர்ந்தது 3,40,000 மைல்.

2018 அக்டோபரில் அவன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். அம்மா வர வேண்டும். அக்காவுக்கு அப்போது 74, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். அத்தான் போனபிறகு திருச்சி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். முந்தைய தடவை சாதாரண வகுப்பில் 20 மணி நேரத்துக்கு மேல் மடங்கி உட்கார்ந்து போனதில் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, இறங்கியதும் நேரே டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. 'இனிமே ஏரோப்ளேன் பக்கமே வரமாட்டேன்டா. நீங்க வந்து பாத்துட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டாள். டாக்டரும் காலை நீட்டிப் படுக்க முடிந்தால் போகலாம், இல்லாவிட்டால் யோசியுங்கள் என்றார். படுக்கிற சீட்டு பிசினஸ் கிளாசில்தான். துணைக்கு நான். இரண்டு பேருக்குப் போகவர எட்டு லட்சத்துக்கு மேல். ஆஸ்பத்திரிச் செலவு எதிரே நிற்கிற வீட்டில் அது பெரிய தொகை. கணக்கில்தான் மைல் இருக்கிறதே!

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கம்பெனியின் சைட் காட்டிய வழிகளை எனக்குப் படித்துக் காட்டினான். ஒன்றில், சென்னையிலிருந்து டெல்லி வரை படுக்கை சீட்டு, கடலைத் தாண்டுகிற 15 மணி நேரமும் சாதாரண சீட்டு. இன்னொன்றில் இரண்டு ராத்திரி இரண்டு ஊரில் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரே ஒரு சீட்டு. "மாமா, நீங்க அடுத்த நாள் வரமுடியுமா?" என்று கேட்டான். துணைக்குப் போகிறவன் அடுத்த நாள் போய் என்ன செய்வது?

ஏன் இந்தக் கஷ்டம்? ஓசி சீட்டு என்பது கம்பெனி 'இது விற்காது' என்று ஊகித்து ஒதுக்குகிற சீட்டு. விமானத்துக்கு இரண்டோ மூன்றோ. சில கம்பெனிகள் 11 மாதம் முன்பே திறக்கும், சில கடைசி இரண்டு வாரத்தில். தன் உறுப்பினருக்கு ஒரு கணக்கு, கூட்டாளிக் கம்பெனியின் உறுப்பினருக்கு வேறு கணக்கு. இந்தக் கூட்டணிகள் மூன்று: ஸ்டார் அலையன்ஸ் 1997-லும், ஒன்வேர்ல்ட் 1999-லும், ஸ்கைடீம் 2000-த்திலும் வந்தன. ஒரு கம்பெனியின் மைலை வைத்துக்கொண்டு பல கம்பெனிகளில் பறக்கலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாச் சீட்டும் எல்லா சைட்டிலும் தெரியாது. தெரிகிற சீட்டும் சில சமயம் பேய்ச் சீட்டு, கிளிக் செய்தால் மறைந்துவிடும். போனில் கூப்பிட்டால் எடுப்பவர் அவர் திரையில் முதலில் வருவதைத்தான் சொல்வார். எந்த விமானம், எந்தத் தேதி, எந்த ஊர் வழி என்று ஒவ்வொன்றாக நாம் சொன்னால்தான் தேடிக் கோத்துக் கொடுப்பார். அவர் 'இல்லை' என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும், வேறு ஆள் எடுப்பார். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இந்தக் கூலிக்காரர்கள். நம்மூரில் பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவர் இருக்கிறார் அல்லவா? நிலம் நம்முடையது, பணம் நம்முடையது. இருந்தாலும் நான்கெல்லை எழுத அவர் வேண்டும்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி அப்படி ஒரு சேவையைப் பிடித்தான். ஆளுக்கு 150 டாலர். டிக்கெட் கைக்கு வந்தால் மட்டும் கொடுத்தால் போதும். போனில் பேசியவர் ஒரு பெண்மணி, முன்பு ஒரு விமானக் கம்பெனியின் டிக்கெட் மேஜையில் இருந்தவராம். ஸ்பீக்கர் போனில் நானும் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். மைல் எத்தனை என்று முதலில் கேட்கவில்லை. "உங்கள் அம்மா ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடப்பார்?" என்றார். படி ஏறுவாரா, மாத்திரை எத்தனை மணிக்கு, பாஷை தெரியாத ஊரில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் பயப்படுவாரா, என்ன சாப்பிடுவார்? மூன்று வாரம் தேடிய சைட் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்று எழுதிக்கொண்டார். சினிமா கம்பெனி அல்ல, இந்திய சைவச் சாப்பாட்டுக்கு விமான பாஷையில் அதுதான் பெயர்.

ஆறாம் நாள் பதில் வந்தது. சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து இஸ்தான்புல், அப்புறம் நியூயார்க். எங்களுக்குத் தோன்றியே இருக்காத வழி. மும்பையில் உள்நாட்டு விமானம் இறங்குவதும் வெளிநாட்டு விமானம் ஏறுவதும் ஒரே டெர்மினல், பஸ் பிடிக்க வேண்டியதில்லை. மூன்று விமானமும் ஒரே டிக்கெட்டில். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நம் தலைவலி. மூன்று இடத்திலும் சக்கர நாற்காலி. இதே கூட்டணியில் வேறொரு வழியும் இருந்ததாம், ஆனால் அதில் ஓசி டிக்கெட்டுக்கும் எரிபொருள் சர்சார்ஜ் என்று ஒரு தொகையைத் தீட்டிவிடுவார்கள், அதனால் விட்டுவிட்டேன் என்றார். திரும்பி வர பிப்ரவரியில் இரண்டு சீட்டு. மைல் ஏறக்குறைய முழுக்கக் கரைந்தது.

கூலி 300 டாலர். அன்றைய கணக்கில் 21,000 ரூபாய் சுமார். அக்காவிடம் சொன்னதும் கொதித்துவிட்டாள். "ஓசிக்கு இருவத்தோராயிரமா? என்ன அநியாயம்டா இது. கொறச்சுக் கேட்டியா?" அமெரிக்காவில் அப்படியெல்லாம் கேட்க முடியாதும்மா என்றான். "ஏன், அவங்களுக்கு வாய் இல்லையா, காது இல்லையா?" என்றாள். எனக்கும் அந்தத் தொகை உறுத்தியது, ஆனால் அந்தப் பெண்மணியின் மேல் இல்லை. சேர்த்ததை எடுக்க இன்னொருவர் தயவு வேண்டும் என்கிற மாதிரி இந்த ஏற்பாட்டைப் பின்னி வைத்திருக்கிறார்களே, அதன் மேல்.

மும்பையிலிருந்து விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் சீட்டை முழுக்க நீட்டி, போர்வை போர்த்திவிட்டார்கள். அக்கா கையால் தடவிப் பார்த்து, "லோயர் பர்த் மாதிரிதான் இருக்கு" என்றாள். இஸ்தான்புல் வரும்வரை தூங்கினாள். நியூயார்க்கில் இறங்கும்போது கால் வீங்கவில்லை. பதினோராம் நாள் பேரன் பிறந்தான்.

இந்தத் தொழிலில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு ஜாதி நம் மைலை வைத்து நமக்கு டிக்கெட் எடுத்துத் தருபவர்கள். உழைப்புக்குக் கூலி, தப்பில்லை. இன்னொரு ஜாதி யாரோ ஒருவரின் மைலை வாங்கி நமக்கு மலிவாக டிக்கெட் விற்பவர்கள். 1980-களிலேயே அமெரிக்காவில் இந்தத் தரகர்கள் முளைத்து, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. மைலை விற்பது விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள், பாதி வழியில்கூட. விற்றவரின் கணக்கும் போகும். பிசினஸ் கிளாஸ் பாதி விலையில் என்று யாராவது சொன்னால் யார் மைல் என்று கேளுங்கள். கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் என் மருமான் செய்த மாதிரி தற்காலிகமாக ஒன்று வைத்து, டிக்கெட் வந்த நிமிஷமே மாற்றிவிடுங்கள்.

சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது மைல்களும் கூடவே போயின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால், அதே வருஷம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தது. கம்பெனி நன்றாக இருந்தாலும் நோட்டின் மதிப்பு இறங்கும். எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற பட்டியலை டெல்டா 2015-லும், யுனைடெட் 2019-லும் எடுத்துவிட்டன. 2023-ல் அமெரிக்கனும் அதே வழியில் போயிற்று. பெரும்பாலும் அன்றைய டிக்கெட் விலையை ஒட்டி மைல் விலையும் ஏறி இறங்குகிறது. ஓசி சீட்டு எங்கே திறந்திருக்கிறது என்று தேடிச் சொல்ல சாஃப்ட்வேர்களும் வந்துவிட்டன. அப்படி ஒன்றின் மேல் ஏர் கனடா 2023 அக்டோபரில் வழக்கே போட்டது.

வாசகர் ஒருவர், கிரெடிட் கார்டில் 40,000 பாயின்ட் இருக்கிறது, டெல்லி போய்வர இப்படி ஒரு சேவையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். டெல்லி சீட்டானாலும் அமெரிக்கப் படுக்கையானாலும் அவர்கள் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளூர் டிக்கெட்டுக்கு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் நீங்களே எடுத்துவிடலாம். வயதான அப்பா அம்மாவைக் கடல் தாண்டி அனுப்புகிறீர்கள், கூட்டாளிக் கம்பெனி இரண்டு மூன்று சேர வேண்டும், தேதியை முன்னே பின்னே ஒரு வாரம் நகர்த்த முடியும் என்றால் யோசிக்கலாம். முன்பணம் கேட்டால் மட்டும் வேறு ஆளைப் பாருங்கள். அக்கா சொல்கிற மாதிரி குறைத்தும் கேட்டுப் பார்க்கலாம், இரண்டு பேருக்குச் சேர்த்து எடுத்தால் சிலர் குறைப்பதாகக் கேள்வி.