அடுப்பு சொன்னது 23, அறையில் இருந்தது 15

நம் ஊரில் வீட்டைக் குளிர வைக்கத்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். வேலைக்காக நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகு எனக்கு எல்லாம் தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம். இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

எங்கள் வீட்டில் இருவருமே இருந்தார்கள். மூன்று மாத மகள். அவளைப் பார்த்துக்கொள்ள ஈப்போவிலிருந்து வந்திருந்த அம்மா.

எங்களுக்குச் சூடு தருவது பெல்லட் அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த, விரலை விட மெல்லிய சிறு குச்சிகள்தான் பெல்லட். அடுப்பின் மேல்தொட்டியில் கொட்டிவிட்டால், திருகு ஒன்று சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும். விசிறி காற்று கொடுக்கும். அறை சூடானதை உணர்கருவி சொன்னதும் திருகு வேகம் குறைத்து, தீயைத் தணிக்கும்.

எங்கள் அடுப்போ 23 என்று காட்டிவிட்டுத் தணிந்துவிடும். தொட்டில் பக்கத்தில் மாட்டியிருந்த வெப்பமானியில் 15தான் இருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி கூடியது. "முடியலப்பா, டிக்கெட்ட முன்னாடியே மாத்திடேன்" என்றார். பழுது பார்க்க வந்தவர், கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெருந்தொகை சொல்லிவிட்டுப் போனார்.

பணம் கட்டுவதற்கு முன், அடுப்பை அணைத்து, முழுதும் ஆறவிட்டு, மின்இணைப்பைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எரிகிண்ணத்தின் துளைகளைச் சாம்பல் அடைத்தால் தீ மங்கும், கண்ணாடியில் கரி படியும். துளைகள் சுத்தமாக இருந்தன. கதவின் ஓரப்பட்டை தளர்ந்தால் காற்று கசியும். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தேன், எளிதில் வரவில்லை. ஈரம் பட்ட பெல்லட் உப்பி, தூளாகிவிடும். எங்களுடையது பளபளப்பாக, ஒடித்தால் 'டக்'கென்று முறிந்தது.

அம்மா பின்னால் குனிந்து, "இதென்னப்பா மெல்லிசா ஒரு ஒயரு, அடுப்பு முதுகுல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு?" என்றார். அதுதான் அறை வெப்பத்தை அளக்கும் உணர்கருவி! நான் விளக்கியதும், தோட்டத்து விறகடுப்பில் பத்துப் பேருக்குச் சமைத்த அம்மா சிரித்தார்: "தன் முதுகுச் சூட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா, புள்ள படுத்திருக்கிற எடம் எப்படித் தெரியும்?"

கையேட்டைப் பார்த்து, ஒயரை அடுப்பிலிருந்து விலக்கி, வெயிலும் சன்னல் காற்றும் படாத சுவரில் பொருத்தினேன். அன்றிரவு அடுப்பு 20 என்றது. தொட்டில் பக்கம் 19. டிக்கெட்டைப் பற்றி அம்மா பிறகு பேசவில்லை.

இந்த அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. கரியமில மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அள்ளிய சாம்பலில் கங்கு நெடுநேரம் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வெளியே வையுங்கள்.

நம் ஊர் வாசகர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. குளிர்சாதனம் அலமாரிக்கு நேர் மேலே இருந்தால், குளிர்காற்று அதில் மோதித் திரும்பும். அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துக் கருவி ஓய்வெடுக்கும், நீங்கள் வியர்த்துக்கொண்டிருப்பீர்கள். பழுது என்று முடிவு கட்டுமுன், உணர்கருவி எந்த இடத்தின் சூட்டை அளக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அதற்குச் செலவேதுமில்லை.