மெருகு மறைக்காது

ராஞ்சியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 61 வயதில்தான் முதன்முதலாக உளியைப் பிடித்தார். மூட்டுவலியால் தரையில் உட்கார முடியாத மனைவிக்குச் சீஷம் மரத்தில் ஒரு முக்காலி. கால்களைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தார். பாதிதான் முடிந்திருந்தது.

முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220 எண் உப்புத்தாள். மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் வெறும் மரத்தில் ஒளிந்திருக்கும். பாலிஷ் ஏறியதும் பல்லிளிக்கும். மெருகு குறையை மறைக்கும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. அது காட்டித்தான் கொடுக்கும்.

அவர் வாங்கிவந்த பாலிஷ், அரக்கு. சோட்டாநாக்பூர் காடுகளில் புரசு, குசும் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. அதை ஆராய 1924-லேயே ராஞ்சியில் ஆய்வு நிலையம் வந்துவிட்டது. அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். காற்றில் ஈரமிருந்தால் பூச்சு வெளுத்துவிடும்.

ஜூலை மழை விடவில்லை. “மெருகு காத்திருக்கும், என் முழங்கால் காத்திருக்காது” என்று மனைவி பூசாத முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபரில் வானம் தெளிந்தது. எண்ணெய்க் கறை படிந்த பலகையை மறுபடியும் 80-லிருந்து தேய்க்க வேண்டியிருந்தது. பழைய குறுக்குக் கீறல்களும் அதோடு போயின.